யானை ரூபாய்

டோக்கன் அறுபத்திரண்டு. சுவரில் தொங்கிய திரையில் நாற்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் இருபத்தொரு டோக்கன் என்று கணக்குப் போட்டதும் ஆவுடையப்பனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பாளையங்கோட்டையின் அந்தத் தபால் ஆபீசில் மற்ற எல்லோரும் திரையை முறைத்துக்கொண்டும் உச்சுக்கொட்டிக்கொண்டும் உட்கார்ந்திருக்க, மெதுவாகவே நடக்கட்டும், என்ன அவசரம், கவுண்டரில் இருக்கிற பெண் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டுக்கூட வரட்டும் என்று மனதார வாழ்த்திய ஒரே ஆள் அவர்தான். மடியில் ஒரு கறுப்பு மூக்குக்கண்ணாடி டப்பா. அதற்குள் கண்ணாடி இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றாம் வருஷத்து வெள்ளி ரூபாய் ஒன்று பிளாஸ்டிக் உறைக்குள் மகாராஜா மாதிரி மல்லாந்து கிடந்தது. மாதிரி என்ன மாதிரி, அதில் இருப்பவரே இங்கிலாந்து மகாராஜாதான், தலையில் கிரீடம், முகத்தில் தாடி, தோளில் சால்வை, கழுத்தில் சங்கிலி, எல்லாம் உண்டு. டப்பாவின் மேல் ஒரு பழுப்புக் கவர், பிரிக்கத் தைரியம் வராமல் ஒட்டியது ஒட்டியபடி. நேற்று சாயங்காலம் நண்பர் ஞானதிரவியம் இவருடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்கே வந்து கொடுத்துவிட்டுப் போனது. "பாரம் எல்லாம் எழுதியாச்சு வே. ஒரே ஒரு எடம் மட்டும் உமக்குன்னு விட்டிருக்கேன். அத நெரப்பி, எங்கையெழுத்துக்குக் கீழ உம்ம கையெழுத்தையும் போட்டு மும்பைக்கு அனுப்பிரும்." அவ்வளவுதான் சொன்னார். ஏன் திடீரென்று என்று கேட்டதற்கு, "அனுப்பிருவோம் வே" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போய்விட்டார். மும்பையில் ஒரு கம்பெனி இருக்கிறது. நாணயத்தை வாங்கி, பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்து, அசலா போலியா என்று சொல்லி, எழுபதுக்கு எத்தனை என்று மார்க் போட்டு, யாரும் திறக்க முடியாத ஒரு கண்ணாடிப் பெட்டியில் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். ஆனால் நாணயத்தை எவனாவது தேய்த்திருந்தால் மார்க் கிடையாது. மார்க் இருக்க வேண்டிய இடத்தில் 'தேய்க்கப்பட்டது' என்று ஒரு வார்த்தை அச்சடித்து ஒட்டிவிடுவார்கள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஆவுடையப்பன் பயந்துகொண்டிருந்தார். ஏனென்றால் தேய்த்தவர் அவர். அது பாதி ரூபாய்க்குச் சொந்தக்காரரான ஞானதிரவியத்துக்குத் தெரியாது. பதினோரு வருஷமாகத் தெரியாது.

டிங் டாங் என்றது திரை. நாற்பத்திரண்டு. ஒரு தாடிக்காரர் புத்தகக் கட்டோடு எழுந்து போனார். நல்ல பெரிய கட்டு, எடை போட, அட்ரஸ் அடிக்க நேரமாகும், வாழ்க. பாதி ரூபாய் என்றால் வெட்டியா வைத்துக்கொள்ள முடியும் என்று கோமு கேட்பாள். கோமு அவர் மனைவி, அவளுக்கு இந்த விவகாரமே பெரிய கேலி. வெட்டவில்லை, ஆறு மாதம் இவரிடம், ஆறு மாதம் அவரிடம். இரண்டாயிரத்து ஒன்றில் மதுரையில் ஒரு நாணயக் கண்காட்சி, கடைசி வரிசையில் ஒரு ராஜஸ்தான்காரர் விரித்திருந்த பச்சைத் துணி, அதில் இந்த ரூபாய் கிடந்ததைப் பார்த்துக் கை நீட்டினால் அதே நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு கை. இரண்டு விரல்களும் மகாராஜா மேல். இவரும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. "நான் மொதல்ல பாத்தேன் சார்." "நான் காலேலயே பாத்துட்டுக் காப்பி குடிக்கப் போனேன் சார்." பேச்சு வளர்ந்து, நீங்க எந்த ஊரு என்று கேட்டால் இருவரும் பாளையங்கோட்டை, இரண்டு தெரு தள்ளி. ஒருவர் கண்ணாடிக் கடை, ஒருவர் பள்ளிக்கூடத்தில் உயிரியல் வாத்தியார். விட்டுக்கொடுக்க இரண்டு பேருக்குமே மனசில்லாததால் சேர்ந்து வாங்கினார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் கோவில்பட்டி தாண்டுவதற்குள் சார் போய் வே வந்துவிட்டது, திருநெல்வேலி வருவதற்குள் முதல் சண்டையும் வந்துவிட்டது. சண்டைக்குக் காரணம் யானை. அந்த வருஷத்து ரூபாயில் மகாராஜாவின் கழுத்துச் சங்கிலியில் எள்ளளவுக்கு ஒரு யானை உண்டு. செதுக்கியவன் தும்பிக்கையைக் கொஞ்சம் குட்டையாக விட்டுவிட்டதால், இதென்ன பன்றியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறான் என்று அந்தக் காலத்து ஜனங்கள் முகம் சுளிக்க, அரசாங்கம் பயந்துபோய் அதைத் திரும்பப் பெற்று மறுவருஷமே யானையைச் சரிசெய்து அடித்தது. அதனால் இதற்குப் பன்றி ரூபாய் என்றே பேர். சேகரிப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆவுடையப்பன் மட்டும் சொல்ல மாட்டார். "யானைன்னு நெனச்சு அடிச்சான், அப்பம் யானைதான வே." "நெனப்புக்கும் உடம்புக்கும் சம்பந்தமில்ல வே. நான் உயிரியல் வாத்தியார் சொல்லுதேன், இந்த மூஞ்சி பன்னி மூஞ்சி." "தும்பிக்கைய மடக்கி வச்சிருக்கு." "பன்னி எதுக்குவே மடக்கணும்?" பன்னிரண்டு வருஷம் இதே பேச்சு. ஜனவரி ஒன்றும் ஜூலை ஒன்றும் கைமாற்றும் நாள். கோயிலுக்குப் போய்விட்டு இவரும் சர்ச்சுக்குப் போய்விட்டு அவரும் வருவார்கள், பிளம் கேக்கோ பருத்திப்பாலோ ஏதாவது இருக்கும், லென்சை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, யானை, பன்னி, யானை, பன்னி என்று சாப்பாட்டு நேரம் வரைக்கும் ஓடும். அக்கம்பக்கத்தில் சொத்துத் தகராறு என்றுகூட நினைத்திருக்கிறார்கள். அதை நினைத்ததும் ஆவுடையப்பனுக்குத் தபால் ஆபீஸ் என்றும் பாராமல் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன அண்ணாச்சி, தனியாச் சிரிக்கிய?" பக்கத்து நாற்காலிப் பெண்மணி கேட்டாள். காலடியில் ஒரு அட்டைப்பெட்டி, பெட்டியின் ஒரு மூலையில் எண்ணெய் ஊறி நிலா மாதிரி வட்டம் கட்டியிருந்தது. ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். "எங்க அனுப்புதிய?" மும்பைக்கு என்றார். "எம் பொண்ணு பூனாவுல இருக்கா. நார்த்தங்கா ஊறுகா. வாங்குவாளா, மாட்டாளா?" கவுண்டர் பெண்ணைக் கண்ணால் காட்டினாள். "எண்ணெ கசியுதே, அத மட்டும் பாக்காம இருந்தாப் போதும்." ஆவுடையப்பன் பெட்டியின் மூலையைப் பார்த்தார். அந்தப் பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள் என்று சொல்லத் தோன்றியது, சொல்லவும் சொன்னார். சொன்ன பிறகுதான் உறைத்தது, மறைத்துத் திருப்பி வைப்பதில் தனக்கு எவ்வளவு பழக்கம் வந்துவிட்டது என்று. நாற்பத்தாறு.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் வந்த அந்த ஆயுத பூஜையைத்தான் சொல்ல வேண்டும். சரஸ்வதி படத்துக்கு மாலை போட்டு, கடையைக் கழுவிவிட்டு, சந்தனத்தைக் குழைத்து, குங்குமத்தைத் தாம்பாளத்தில் கொட்டிக்கொண்டு அவர் பொட்டு வைக்க ஆரம்பித்தார் என்றால் அது ஒரு வெள்ளம் மாதிரி. முதலில் லென்ஸ் தீட்டும் மெஷினுக்கு. பிறகு திருப்புளிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. பிறகு கண் பரிசோதனைப் பெட்டி, டேபிள் ஃபேன், கல்லா, ஷட்டர், வாசலில் நிற்கும் ஸ்கூட்டர், எழுத்துப் பலகையில் உச்சியிலிருக்கும் பெரிய எழுத்து. அதற்குப் பிறகு மூன்று நாளைக்கு வருகிற ஆட்கள் எல்லாம் முதல் எழுத்து சிவப்பாகத் தெரிகிறது என்று சொல்வார்கள். எல்லாம் முடிந்தும் விரலில் சந்தனம் மிச்சம் இருந்தது. மேஜையில் இந்த டப்பா திறந்தபடி இருந்தது. நமக்குச் சோறு போடுவது கண்ணாடி, சந்தோஷம் போடுவது யார் என்று ஒரு நினைப்பு, அந்த நினைப்பு முழுசாக முடிவதற்குள் விரல் போய்விட்டது. உறையிலிருந்து எடுத்து மகாராஜாவைப் பலகை மேல் வைத்து, கிரீடத்துக்குக் கீழே நெற்றியில் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, சும்மா சொல்லக்கூடாது. சிவன் கோயில் தர்மகர்த்தா மாதிரி இருந்தார். சூடம் காட்டி, பொரிகடலை தின்று, கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினார். மறுநாள் வந்து பார்த்தால் சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டு, குங்குமம் தாடிக்குள்ளும் எழுத்துகளுக்குள்ளும் இறங்கி, மகாராஜா அடிபட்ட மாதிரி கிடந்தார். அங்கே நிறுத்தியிருக்கலாம். தண்ணீரில் போட்டு வைத்திருக்கலாம். இருபத்தைந்து வருஷமாக வருகிறவன் போகிறவனை எல்லாம், வேட்டியால் துடைக்காதே, சட்டையால் துடைக்காதே, கோடு விழும், தண்ணீரில் காட்டு, தானாகப் போகும் என்று திட்டித் திட்டிக் கண்ணாடி விற்ற மனுஷன், கடைக்குப் பின்னால் வாஷ்பேசினில் நின்றுகொண்டு உள்ளங்கையில் வெள்ளைப் பல்பொடியைக் கொட்டி, கட்டைவிரலால் மகாராஜா முகத்தில் ஒரு தேய் தேய்த்தார். கிராம்பு வாசனை கமகமவென்று வந்தது. குங்குமம் போய்விட்டது. பளபளவென்று வந்துவிட்டது. அப்படி ஒரு பளபளப்பு நூறு வயதான எதற்கும் இருக்கக்கூடாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் முகம் முழுக்க மயிரிழை மயிரிழையாகக் கோடுகள். லென்சை எடுத்துச் சங்கிலியைப் பார்த்தார். யானையின் தும்பிக்கை முன்னைவிடக் குட்டையாக இருப்பது போல இருந்தது. நிஜமாகக் குட்டையாகிவிட்டதா, பயத்தில் அப்படித் தெரிந்ததா என்று இன்றைக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது.

ஐம்பத்தொன்று. இதென்ன, அதற்குள்ளா. நாலைந்து பேர் டோக்கனைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள் போல, பொறுப்பில்லாத ஜனங்கள். அதற்கு அடுத்து வந்த ஜனவரி ஒன்று இருக்கிறதே. ஞானதிரவியம் கேக்கை மேஜையில் வைத்துவிட்டு டப்பாவைத் திறந்தார். லென்சைக் கண்ணில் வைத்தார். பத்து நிமிஷம். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூடச் சிவப்பு மையில் பிழை திருத்தி வைக்கிற மனுஷன், பத்து நிமிஷம் பார்த்துவிட்டு "ம்" என்றார். ம் என்றால் என்ன என்று கேட்காமல் ஆவுடையப்பன் கேக்கை வெட்ட ஆரம்பித்தார். வழக்கம் போல, "இப்பவாது ஒத்துக்கிடும் வே, பன்னிதான?" என்றார் ஞானதிரவியம். தும்பிக்கையைப் பற்றி இனிமேல் ஒரு வார்த்தை பேசினால் லென்ஸ் மறுபடி அந்தப் பக்கம் போகும், போனால் கோடு தெரியும் என்ற பதற்றத்தில், "சரி வே, பன்னிதான்" என்று சொல்லிவிட்டார். பன்னிரண்டு வருஷத்து யானை ஒரு நிமிஷத்தில் போயிற்று. ஞானதிரவியம் லென்சைக் கீழே வைத்து அவரையே பார்த்தார். ஜெயித்தவன் முகம் மாதிரி இல்லை அது. கேக்கைப் பாதியில் வைத்துவிட்டு, வெயில் ஏறுது என்று சொல்லிக் கிளம்பிப் போனார். அப்போது மாதம் ஜனவரி, வெயிலாவது ஒன்றாவது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் மனுஷன் என்னென்னவோ செய்து பார்த்தார். ஒரு தடவை பன்றியின் மண்டையோட்டுப் படத்தைப் பள்ளிக்கூடத்திலிருந்து சுருட்டிக்கொண்டு வந்து, "பாரும், அச்சு அசல்" என்று விரித்தார். ஆமா வே என்றார் இவர். ஒரு தடவை அவரே இறங்கி வந்து, "ஒரு கோணத்துல பாத்தா யானை மாரியும் இருக்கு என்ன?" என்றுகூடக் கேட்டார். "இல்ல வே, பன்னியேதான்" என்று இவர் பிடிவாதமாகச் சொன்னார். சொல்லும்போதே யானைக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருந்தது, எள்ளளவு யானைதான், இருந்தாலும். இப்போதெல்லாம் கைமாற்றுவது கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. சுகர் மாத்திரை, முழங்கால் வலி, மழை எப்படி என்று பேசிவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

என்ன செய்யலாம். முதல் வழி, சர்வர் டவுன் என்று சொல்லிவிடலாம். தபால் ஆபீசில் அதை யாரும் நம்பாமல் இருக்க மாட்டார்கள். ஆனால் அது ஒரு நாள் தாங்கும், இரண்டு நாள் தாங்கும், மூன்றாவது நாள் ஞானதிரவியமே கூட வருவார். இரண்டாவது வழி, வேறு ரூபாயை அனுப்பிவிடலாம். மறுவருஷத்து ரூபாய் ஒன்று அவரிடம் இருக்கிறது, அதே மகாராஜா, அதே தாடி. யானை மட்டும் ஒழுங்கான யானை. வருஷத்தை மாற்ற முடியாதே, சிவப்பு மைக்காரர் முதலில் அதைத்தான் பார்ப்பார். மூன்றாவது வழி, கோமு தேய்த்தாள் என்று சொல்லிவிடலாம். பெண்கள் பூஜைச் சாமான் தேய்ப்பது உலகத்தில் உள்ளதுதான். இந்த நினைப்பு வந்ததும் ஆவுடையப்பன் தபால் ஆபீஸ் வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார், கோமு நிற்கிறாளா என்று. அவளுக்கு எல்லாம் தெரியும். புதுப் பல்பொடி டப்பா ஒரே நாளில் எப்படிப் பாதியாச்சு என்று கேட்டு அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். பரண் ஒழிக்க வேண்டுமா, அவள் தங்கச்சி வீட்டுச் சடங்குக்கு இவர் வர மாட்டேன் என்றாரா, "ஞானம் அண்ணாச்சிக்கு ஒரு போன் போடணுமே" என்பாள். போனைக்கூட எடுக்க மாட்டாள், சும்மா சொல்வாள், அவ்வளவுதான், இவர் பரணில் இருப்பார். இன்று காலையும் காப்பியைக் கொடுத்துவிட்டு, "பல்பொடியால தேச்சேன்னு சொல்லிட்டா என்ன, தலைய வாங்கிருவாரா?" என்றாள். தலையை வாங்கினால் பரவாயில்லையே. மனுஷன் ஒன்றும் சொல்லாமல் ம் என்பார். அதுதான் தாங்காது. அவர் பாதியை நான் பாழாக்கிவிட்டு, பதினோரு வருஷம் அவர் வீட்டுக் கேக்கைத் தின்றிருக்கிறேன். நாலாவது வழி ஒன்று இருந்தது, இங்கிருந்தே போன் போட்டுச் சொல்லிவிடுவது. போனை எடுத்தார். ஞானம் என்ற பேர் வரைக்கும் விரல் போயிற்று. ஐம்பத்தெட்டு என்றது திரை. போனைப் பையில் போட்டார். மும்பையில் வெள்ளைக் கையுறை போட்ட ஒருவன் மகாராஜாவை மூக்கருகில் வைத்து முகர்ந்து பார்த்துவிட்டு, பக்கத்து மேஜைக்காரனிடம், கிராம்பு என்று சொல்வது போல ஒரு காட்சி வந்து போயிற்று.

"அறுபத்தொண்ணு என்னுது," என்று ஊறுகாய்க்காரப் பெண்மணி பெட்டியைத் தூக்கினாள். கவுண்டர் பெண் பெட்டியைச் சுற்றிப் பார்த்து, எண்ணெய் மூலையைக் கண்டுபிடித்து, இன்னொரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவரச் சொன்னாள். திட்டவில்லை, சும்மா சொன்னாள். பெண்மணி கையோடு ஒரு கவர் வைத்திருந்தாள், போட்டாள், வேலை முடிந்துவிட்டது. போகும்போது, "இவ்வளவுதான் அண்ணாச்சி, இதுக்குப் போயி பயந்தேன்" என்று சிரித்துவிட்டுப் போனாள். டிங் டாங். அறுபத்திரண்டு. ஆவுடையப்பன் எழுந்து போய் டப்பாவையும் கவரையும் கவுண்டரில் வைத்தார். "உள்ள என்ன சார்?" நாணயம் என்றார். "மதிப்பு எவ்வளவுன்னு போட்டா இன்சூர் பண்ணித் தரேன். பாரத்துல எழுதியிருப்பாங்களே, பாருங்க." பாரம் கவருக்குள் இருக்கிறது என்றார். "அப்ப பிரிங்க சார்," என்றாள் அந்தப் பெண், உலகத்திலேயே மிகச் சுலபமான காரியத்தைச் சொல்வது போல. "அந்த மேஜையில வச்சு எழுதிட்டு வாங்க, நடுவுல உங்கள எடுத்துக்கறேன்."

மேஜையில் பசைப் பாட்டில், நூலில் கட்டிய பேனா, யாரோ விட்டுப்போன பழைய ரசீது. கவரைப் பிரித்தார். பாரம் இங்கிலீஷில் அச்சடித்திருந்தது, நிரப்பியிருந்தது ஞானதிரவியத்தின் கையெழுத்து, முட்டை முட்டையாக, கரும்பலகையில் எழுதுகிற மாதிரி. ஒரு ரூபாய், வெள்ளி, 1911. உரிமையாளர்கள் என்ற இடத்தில் முதலில் ஆவுடையப்பன் பேர், அதற்குக் கீழேதான் அவர் பேர். மதிப்பு போட்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு கட்டம், இந்த நாணயம் முன்பு எப்போதாவது சுத்தம் செய்யப்பட்டதா, எப்படி என்று. ஆவுடையப்பன் அந்தக் கேள்வியை இரண்டு தடவை படித்தார். பதிலை மூன்று தடவை படித்தார். ஆம். 2013 அக்டோபர், ஆயுத பூஜைக்கு மறுநாள். பல்பொடி. நல்ல எண்ணத்துடன் செய்யப்பட்டது. அதற்குக் கீழே இன்னொரு வரி. அரசரின் இடது காதுக்குப் பின்னால் கொஞ்சம் குங்குமம் மிச்சம் இருக்கிறது. தயவுசெய்து அதை எடுக்க வேண்டாம். காதில் ஏதோ இரைந்தது, ஃபேன்தான் போலிருக்கிறது. ஆவுடையப்பன் டப்பாவைத் திறந்து, சட்டைப் பையிலிருந்து லென்சை எடுத்து, மகாராஜாவின் காதுக்குப் பின்னால் பார்த்தார். இருந்தது. கடுகில் பாதி, கருஞ்சிவப்பாக. பதினோரு வருஷமாகக் கோட்டையும் தும்பிக்கையையுமே பார்த்துக்கொண்டிருந்ததில் அவர் கண் அந்தப் பக்கம் போகவே இல்லை. பாரத்தின் கடைசியில் வகை என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதற்கு நேராகச் சிவப்பு மையில் ஒரு அம்புக்குறி, பக்கத்தில் தமிழில், இதை நீர் எழுதும்.

போன் போட்டார். ஒரு மணி அடிப்பதற்குள் எடுத்தாயிற்று. "பிரிச்சாச்சா?" என்றார் ஞானதிரவியம். கோமு சொன்னாளா என்று கேட்டார் ஆவுடையப்பன். "யாரும் சொல்லல வே. நீருதான் சொன்னீரு." நான் எப்போது சொன்னேன் என்றார். "பன்னிதான்னு சொன்னீருல்லா, அன்னைக்கி. பன்னெண்டு வருசம் யானைன்னு நின்ன மனுசன் ஒரே வார்த்தையில விட்டுக்குடுத்தா எனக்குச் சந்தேகம் வராதா? அந்த ஆறு மாசமும் எங்கிட்டதான இருந்துது. பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்தேன். எழுத்துக்கு அடியில கிராம்பு மணக்குற வெள்ளப் பொடி, காதுக்குப் பின்னால குங்குமம். ஆயுத பூசைக்கு ஃபேனுக்கும் பொட்டு வைக்கிற ஆளு என்ன செஞ்சிருப்பான்னு தெரியாதா வே?" ஏன் அப்போதே கேட்கவில்லை என்று ஆவுடையப்பன் கேட்டார். "நீரா சொல்லுவீருன்னு இருந்தேன். வருசம் ஓடிப்போச்சு. பொறவு கேக்கவும் ஒரு மாரியா ஆயிட்டு." பிறகு அவரே தொடர்ந்தார். "கோடு விழுந்ததுக்கு எனக்கு ஒரு வருத்தமும் இல்ல வே. சண்ட நின்னுபோச்சு பாத்தீரா, அதான் தாங்க முடியல. பதினோரு வருசமா ஒத்தைக்கு ஒத்தையா நானே பன்னி பன்னின்னு சொல்லிக்கிட்டுக் கெடக்கேன். ஜனவரி ஒண்ணு வந்தாலே எனக்கு வெறுப்பா இருக்கு." அப்படியானால் இதை எதற்கு மும்பைக்கு அனுப்ப வேண்டும், மார்க்கும் வராதே என்றார் இவர். "மார்க்கு யாருக்கு வே வேணும்? நாலு பிள்ளையளுக்கா காட்டப் போறோம்? பொட்டிக்குள்ள போயிட்டா அந்தக் குங்குமம் அங்கனயே இருக்கும். நாளைக்கி உமக்கு இன்னொரு ஆயுத பூசை வரும், மறுபடியும் ஒரு நல்ல எண்ணம் வரும், பல்பொடிய எடுத்துட்டு நிப்பீரு. உம்ம நம்ப முடியாது." ஆவுடையப்பன் சிரித்தார். கண்ணாடி பனித்துவிட்டது. கழற்றி, வேட்டி நுனியால் துடைத்தார், துடைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்பது தெரிந்தது.

"சார், உங்களுதக் குடுங்க," என்று கவுண்டர் பெண் கூப்பிட்டாள். போனை அணைக்காமல் மேஜையில் வைத்துவிட்டு நூலில் கட்டிய பேனாவை எடுத்தார். மை வரவில்லை, உதறினார், வந்தது. காலியாக இருந்த கட்டத்தில் தமிழிலேயே, முட்டை முட்டையான அந்த எழுத்துகளைவிடப் பெரிதாக, கட்டத்தின் கோட்டைத் தாண்டி எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். மும்பையில் யாராவது படித்துச் சொல்லிக்கொள்ளட்டும். போனில் ஞானதிரவியம், "என்ன வே எழுதினீரு? என்னத்த எழுதினீரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாரத்தையும் டப்பாவையும் போனையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு போய்க் கவுண்டரில் வைத்தார். கை பட்டு ஸ்பீக்கர் வேறு திறந்துகொண்டது. அந்தப் பெண் பாரத்தை வாங்கி மேலிருந்து கீழே பார்த்து, கடைசிக் கட்டத்தில் நின்று, நிமிர்ந்தாள்.

"சார், நாணயம்னு சொன்னீங்க. இது என்ன எழுதியிருக்கீங்க?"

"யானை," என்றார் ஆவுடையப்பன், ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி.

"பன்னி வே!" என்று கத்தினார் ஞானதிரவியம் கவுண்டரின் மேலிருந்து. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் குரலில் ஜனவரி ஒன்று இருந்தது.